தலைமாட்டு மெத்தையில் 97 சதவீதம் காற்றுதான்... தெரியுமா?

பண்டை எகிப்தில் கட்டிலுக்குப் பலகை உண்டு. ஆனால் அது இருந்தது தலைப்பக்கம் இல்லை, கால்பக்கம்! நம்ப முடிகிறதா? மன்னன் துட்டன்காமனின் கல்லறையை அகழ்வாய்வாளர் ஹோவர்ட் கார்ட்டர் 1922-ல் கண்டுபிடித்தபோது பொன் தகடு போர்த்திய கட்டிலும் கிடைத்தது, மூன்றாக மடித்துத் தூக்கிக்கொண்டு போகிற பயணக் கட்டிலும் கிடைத்தது. சரி, தலைக்கு? மரத்திலோ தந்தத்திலோ கல்லிலோ செதுக்கிய பிறை வடிவத் தாங்கி. அதன்மேல் கழுத்தை வைத்துத் தூங்கினார்கள். படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்து நிம்மதியாக ஒரு வாய் பானம் குடிக்க அந்தப் பேரரசனுக்கும் வழி இல்லை!

இங்கிலாந்தில் வேர் என்ற ஊரில் ஒரு சத்திரக் கட்டில் இருந்தது. 1590 வாக்கில் செய்தது. அகலம் 3 மீட்டருக்கும் மேல்! ஷேக்ஸ்பியரே ஒரு நாடகத்தில் அதைப் பற்றிப் பேசுகிறார் என்றால் அதன் புகழைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலைமாட்டில் கருவாலி மரத்தில் இழைத்து இழைத்துச் செதுக்கிய பிரமாண்டப் பலகை. வந்து தங்கியவர்கள் எல்லாம் தங்கள் பெயரெழுத்தை அந்தக் கட்டிலில் கீறிவைத்தார்கள், அரக்கு முத்திரை குத்திவைத்தார்கள். மாமல்லபுரத்துப் பாறையில் பெயர் கிறுக்குகிறவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை! அத்தனை வேலைப்பாட்டில் சாய்ந்தால் முதுகு என்ன ஆகும் என்பது வேறு விஷயம்.

நம் பக்கமும் லேசுப்பட்டதில்லை. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலை நக்கீரர் வர்ணிப்பதைப் படித்தால் மலைத்துப் போவீர்கள். கட்டிலுக்குத் தந்த வேலைப்பாடு, அதுவும் 40 வயது யானையின் தந்தத்தில். மெத்தைக்கு அன்னத்தின் தூவி! இன்றைக்கு யானைத் தந்தத்தைத் தொட்டால் சிறை. அன்னத்துக்கு எங்கே போவது? பாண்டிமாதேவிக்குக் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைக்கிறது: ப்ளைவுட் கடையும் ஃபோம் கடையும் பெரும்பாலும் ஒரே தெருவில்!

ஷோரூமில் குஷன் ஹெட்போர்டு, அதாவது தலைமாட்டுப் பலகையின், விலையைக் கேட்டு மயங்கியவர்கள் அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். முதல் அதிசயம் இதோ. அந்த ஹெட்போர்டில் பாதியை உங்கள் வாழ்நாளில் நீங்கள் பார்க்கவே போவதில்லை! கட்டிலும் மெத்தையும் சேர்ந்து தரையிலிருந்து ஏறக்குறைய 2 அடி வந்துவிடும். 4 அடி உயரத்துக்கு ஹெட்போர்டு வாங்கினால் கீழ் 2 அடி மெத்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அங்கேயும் வெல்வெட், அங்கேயும் ஃபோம், அதற்கும் உங்கள் காசு! பலகையைக் கட்டிலில் பொருத்தாமல் சுவரில் மாட்டினால் அந்தப் பாதி மொத்தமும் மிச்சம். மெத்தையின் மேல்மட்டத்துக்கு 2 அங்குலம் கீழே தொடங்கி 2 அடி உயரம் இருந்தால் போதும். சந்தேகமாக இருந்தால் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, தலை எங்கே படுகிறது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.

இப்போது ப்ளைவுட் கணக்கு. முழு ஷீட் 8 அடிக்கு 4 அடி. குயின் கட்டிலின் அகலம் 5 அடி. 5 அடிக்கு 2 அடியாக இரண்டு பலகைகளை ஒரே ஷீட்டில் பக்கம்பக்கமாக வெட்டிவிடலாம். உங்களுக்கு ஒன்று, உங்கள் தங்கைக்கு ஒன்று! அதற்குப் பிறகும் 3 அடிக்கு 4 அடி மிச்சம் கிடக்கும், அதைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள், வேலை இருக்கிறது. தங்கைக்கும் உங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லையென்றால் கடையில் கட் பீஸ் கேளுங்கள், மூலையில் சாத்திவைத்திருப்பார்கள். கனம் 12 மில்லிமீட்டர் போதும். 'மெரைன் ப்ளைதான் சார் நல்லது' என்று கடைக்காரர் ஆரம்பிப்பார். ஓதம் ஏறும் சுவராக இருந்தால் மட்டும் அவர் பேச்சைக் கேளுங்கள், மற்றபடி கமர்ஷியல் ப்ளையே தாராளம்.

அந்த ப்ளைவுட்டின் வயது தெரியுமா? 4,500 ஆண்டுகளுக்கும் மேல்! சக்காராவில் படிக்கட்டுப் பிரமிடு வளாகத்தில் கிடைத்த ஒரு சவப்பெட்டியின் பலகை, ஆறு மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்தது. ஒரு தகட்டின் ரேகை நெடுக்காக ஓடினால் அடுத்ததன் ரேகை குறுக்காக ஓடும்படி வைக்கும் உத்தி அப்போதே பிடிபட்டுவிட்டது. ஈரத்தில் மரம் ரேகைக்குக் குறுக்காகத்தான் உப்பும். ஒரு தகடு உப்பப் பார்க்கும்போது பக்கத்துத் தகடு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி அடைமழையில் உங்கள் பலகை முறுக்கிக்கொள்ளாமல் நிற்பதற்கு அதுதான் காரணம்.

அடுத்து ஃபோம். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்! கடையில் '32 டென்சிட்டி' என்கிறார்களே, அது வேறொன்றும் இல்லை, ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ எடை இருக்கும் என்று அர்த்தம். ஃபோம் செய்யும் பாலியூரித்தேன் குமிழே இல்லாமல் கெட்டியாக இருந்தால் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1,200 கிலோ. வகுத்துப் பாருங்கள். 3 சதவீதம்கூடப் பொருள் இல்லை, மீதி 97 சதவீதம் வெறும் காற்று! 5 அடி நீளம், 2 அடி உயரம், 2 அங்குலக் கனத்துக்கு நீங்கள் வாங்கும் ஃபோமின் மொத்த எடை ஒன்றரை கிலோதான்.

இந்தக் கணக்கில் ஒரு ரகசிய ஆயுதம் இருக்கிறது. 32 என்று சொல்லி மட்டமானதைத் தள்ளுகிறார்களா என்று கையால் அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் மென்மை வேறு, டென்சிட்டி வேறு! துண்டைத் தராசில் வையுங்கள். மேலே சொன்ன அளவுக்கு ஒன்றரை கிலோ காட்டினால் சரி. ஒரு கிலோவோடு முள் நின்றுவிட்டால் அது 21, 22-ஐத் தாண்டாத சரக்கு. '40 போடுங்கள், நாள்பட வரும்' என்பார்கள், தேவையில்லை. உட்காரும் மெத்தைக்குத்தான் அது, முதுகு சாய்வதற்கு 32 போதும் போதும்.

இந்தக் காற்றுக்குமிழி பிறந்த கதை இன்னும் வேடிக்கை. பாலியூரித்தேனை ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் 1937-ல் கண்டுபிடித்தார். சோதனையில் தண்ணீர் கலந்தால் கார்பன்டை ஆக்சைடு கிளம்பும், பொருளுக்குள் ஓட்டை ஓட்டையாக விழும். அதைப் பார்த்த பரிசோதனைப் பிரிவுக்காரர்கள், 'இது போலி ஸ்விஸ் பாலாடைக்கட்டி செய்யத்தான் லாயக்கு' என்று கிண்டலடித்தார்களாம்! அந்த ஓட்டைதான் இன்று உலகத்து சோபா, கார் இருக்கை, மெத்தை எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1929-ல், டன்லப் நிறுவன வேதியியலாளர் இ.ஏ.மர்ஃபி ரப்பர் பாலை கேக் மாவு அடிக்கும் கருவியில் போட்டு நுரைக்க நுரைக்க அடித்து, அது அப்படியே உறைந்துதான் லேட்டக்ஸ் ஃபோம் வந்தது. சமையலறைச் சாமான் இல்லாமல் அறிவியல் ஏது! ஒரே ஒரு எச்சரிக்கை: ஃபோம் குப்பென்று பற்றிக்கொள்ளும். தலைமாட்டில் கொசுவர்த்தி, ஊதுவத்தி கூடவே கூடாது.

ஃபோமுக்கும் காசு செலவழிக்க மனமில்லையா? வீட்டில் பழைய தேங்காய்நார் மெத்தை கிடக்கிறதா? அதுவே போதும்! தேங்காய் நார் பிறவியில் நேராக நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு ஸ்பிரிங் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? நாரை இறுக்கி இறுக்கிக் கயிறாக முறுக்குகிறார்கள். அந்த முறுக்கு நாரில் படியும்வரை அப்படியே வைத்திருக்கிறார்கள். பிறகு பாடுபட்டு முறுக்கிய அதே கயிற்றைத் திரும்பப் பிரித்துவிடுகிறார்கள்! பிரித்த நார் சுருள்சுருளாக நிற்கும். அதன்மேல் ரப்பர் பால் தெளித்து அழுத்தி வேகவைத்தால் மெத்தை. பொள்ளாச்சிப் பக்கம் நார் மில் வைத்திருப்பவர்களுக்கு இது அன்றாட வேலை. இதில் ஆச்சரியம் என்னவென்றால், ஐரோப்பாவில் சோபாவுக்குக் குதிரை முடி அடைத்த காலத்தில் அவர்களும் இதையேதான் செய்தார்கள். முடியைக் கயிறாக முறுக்கி, ஆவியில் வேகவைத்து, அப்புறம் பிய்த்துப்போட்டார்கள். நாருக்கும் முடிக்கும் ஒரே வைத்தியம்!

இலவம் பஞ்சு? அதன் இழை உள்ளே கூடாக இருக்கும், மேலே மெழுகுப் பூச்சு வேறு. தண்ணீரில் போட்டால் நனையாமல் மிதக்கும். அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்புச் சட்டைகளுக்குள் இலவம் பஞ்சை அடைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜாவாவை ஜப்பான் பிடித்ததும் அமெரிக்காவுக்குப் பஞ்சு வரத்து நின்றுபோனது. என்ன செய்தார்கள் தெரியுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காட்டுக்கும் மேட்டுக்கும் அனுப்பி ஒரு செடியின் காயைப் பறித்துவரச் சொன்னார்கள். அந்தச் செடி நம் ஊர் எருக்கஞ்செடிக்குப் பங்காளி! பிள்ளையாருக்கு மாலை கட்டுகிறோமே, அதே குடும்பத்துப் பஞ்சு கடற்படைக்காரர்களை மிதக்கவைத்தது.

ஆனால் போடிநாயக்கனூர் இலவம் பஞ்சைத் தலையணையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தலைமாட்டுக்கு வேண்டாம். நிமிர்ந்து நிற்கும் பலகையில் உதிரிப் பஞ்சை அடைத்தால் நாளடைவில் எல்லாம் கீழே இறங்கிவிடும். மேலே வெறும் பலகை, அடியில் தொப்பை! இந்தத் தொல்லைக்குத்தான் அந்தக் காலத்தில் பட்டன் வைத்து இழுத்துக் கட்டினார்கள். ஷோரூமில் பார்க்கிறீர்களே, வைரம் வைரமாகக் குழி விழுந்து, நடுவில் பட்டன் பதிந்து, ராஜ தோரணையில் ஒரு வேலைப்பாடு, அது அலங்காரத்துக்காகப் பிறந்ததே இல்லை! குதிரை முடியும் பஞ்சும் சரியாமல் இருக்கப் போட்ட கட்டு. ஃபோம் ஒரே கட்டியாக நிற்கும், சரியவே சரியாது. ஆகவே பட்டனுக்கு வேலையே போய்விட்டது. அழகுக்காக மட்டும் தங்கியிருக்கிறது, அந்த அழகுக்குத் துணியும் கூடுதல், கூலியும் கூடுதல். முதல் முறை செய்கிறவர்கள் பட்டனை விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. ஆசை அடங்காது என்றால் நாலைந்து போதும். தையல் சாமான் கடையில் உங்கள் துணியையே போர்த்தி பட்டன் அடித்துத் தருவார்கள். பலகையில் முன்கூட்டியே துளை போட்டு, கோணி ஊசியில் நைலான் நூலைக் கோத்து இழுத்து, பின்பக்கம் நூலை முன்னும் பின்னுமாக மடக்கி மூன்று இடத்தில் ஸ்டேப்ளர் கன்னால் பின் அடித்தால் அசையாது.

துணிக்கு வருவோம், இங்கேதான் பெரும்பாலோர் பணத்தைக் கோட்டைவிடுகிறார்கள். சோபா துணியின் பன்னா, அதாவது அகலம், வழக்கமாக 54 அங்குலம். உங்கள் பலகையோ 60 அங்குலம். ஃபோமின் பக்கவாட்டுக்கும் பின்னால் மடிப்பதற்கும் இன்னும் 10 சேர்த்தால் 70. பன்னா போதாது, நடுவில் ஒட்டுப் போட வேண்டும், இரண்டு மடங்கு வாங்குங்கள் என்பார்கள். வேண்டவே வேண்டாம்! துணியைப் படுக்கப் போடுங்கள். நீளவாட்டில் 2 மீட்டர் என்றால் 78 அங்குலம், தாராளமாக வந்துவிட்டது. உயரத்துக்கு மடிப்போடு 34 அங்குலம் போக, பன்னாவில் 20 அங்குலம் மிச்சம்! கிங் கட்டிலுக்குக் கால் மீட்டர் கூடுதலாக வாங்கினால் சரி.

வெல்வெட் என்றால் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். வெல்வெட் எப்படிப் பிறக்கிறது தெரியுமா? ஒரே நேரத்தில் இரண்டு துணியை முகத்துக்கு முகம் வைத்து நெய்கிறார்கள். இரண்டையும் ஆயிரக்கணக்கான குட்டி இழைகள் இணைத்திருக்கும். தறியிலேயே ஒரு கத்தி நடுவில் ஓடி அந்த இழைகளை வெட்ட, இரட்டைப் பிள்ளைகளாக இரண்டு வெல்வெட் பிரிந்து வரும்! வெட்டுப்பட்ட ரோமம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். படுக்கப் போட்டால் அந்தச் சாய்வு பக்கவாட்டில் திரும்பிவிடும். கட்டிலுக்கு வலப்புறமிருந்து பார்த்தால் கரும்பச்சை, இடப்புறமிருந்து பார்த்தால் இளம்பச்சை. சிலருக்கு அதுவே பிடிக்கும். பிடிக்காதவர்கள் ரோமமில்லாத கெட்டி பருத்தி, ஜூட் கலவை, கேன்வாஸ் என்று போய்விடுவது உத்தமம்.

ரெக்சின் போடலாமா என்று கேட்பீர்கள். ரெக்சின் என்பதே மான்செஸ்டர் பக்கத்து ஹைட் ஊரில் இருந்த ஒரு கம்பெனியின் சரக்குப் பெயர். அந்தக் காலத்தில் துணிமேல் அவர்கள் பூசியது நைட்ரோசெல்லுலோஸ், அதாவது பழைய சினிமாச் சுருளும் பீரங்கி மருந்தும் செய்த அதே ஜாதி! இப்போது வருவது வேறு பிளாஸ்டிக், பயப்பட வேண்டாம். ஆனால் சித்திரை வெயிலில் முதுகில் ஒட்டும். மலிவான ரகம் நம் கடலோரக் காற்றில் சில வருஷத்தில் செதில் செதிலாக உரியும்.

சாமான் வந்துவிட்டது, இனி கைவேலை. ஃபோமைப் பலகையைவிட நாலா பக்கமும் கால் அங்குலம் பெரிதாக வெட்டுங்கள், விளிம்பில் மரம் இடிக்காது. வெட்டுவதற்கு ஆக்சா பிளேடு போதும். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை வேண்டாம், எஸ்ஆர் எனப்படும் ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, உடனே ஒட்டாமல் பத்து நிமிஷம் காயவிட்டு, விரலால் தொட்டால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்போது அமுக்க வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள், நெடி தலையைச் சுற்றவைக்கும். ஃபோமுக்கு மேலே மெல்லிய ரெக்ரான் ஷீட் ஒரு சுற்று. அந்த ரெக்ரான் ஜாதிப் பஞ்சு நீங்கள் குடித்துப்போட்ட தண்ணீர் பாட்டிலிலிருந்தும் வரக்கூடும் தெரியுமா? பாட்டிலை உருக்கி இழையாக்குகிறார்கள்!

துணியைத் தரையில் குப்புற விரித்து, பலகையை அதன்மேல் ஃபோம் அடியில் வரும்படி கவிழ்த்துங்கள். இப்போது நாலு பின், நாலே நாலு. மேல் விளிம்பின் நடுவில் ஒன்று, நேர் எதிரே கீழே ஒன்று, இடப்பக்க நடுவில் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மத்தளத்துக்கு வார் பிடிக்கிறவர் எதிரும் புதிருமாக இழுப்பாரே, அதே கணக்குத்தான். ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசையாக அடித்துக்கொண்டே போனால் சுருக்கம் எல்லாம் கடைசி மூலையில் வந்து குவியும், பிறகு பிரிக்க வேண்டியதுதான். நடுவிலிருந்து வெளியே, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. மூலை கடைசியில். மூலையில் துணியின் முனையை முதலில் குறுக்காக இழுத்து ஒரு பின், அப்புறம் இரண்டு பக்கமும் ஒரு மடிப்பு. பின் 8 மில்லிமீட்டர் இருந்தால் போதும். 14 வாங்கினால் 12 மில்லிமீட்டர் ப்ளையைத் துளைத்துக்கொண்டு முன்னால் நீட்டி, ஃபோமைப் பதம் பார்க்கும்.

ஸ்டேப்ளர் கன் வருவதற்கு முன்னால் இதை எப்படிச் செய்தார்கள்? வாயில்! சிறு ஆணிகளை ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் திருப்பி, காந்தம் வைத்த சுத்தியலின் முனையில் துப்புவார்கள். ஒரு கை துணியை இழுத்துப் பிடித்திருக்க, மறு கை சடசடவென்று அடித்துக்கொண்டே போகும். இதற்கென்றே கிருமி நீக்கிய ஆணி என்று பெட்டியில் அச்சிட்டு விற்றார்கள் என்றால் பாருங்களேன்!

ஒரே பெரிய பலகை பயமாக இருக்கிறதா? 6 அங்குல அகலத்தில் பத்துப் பட்டைகளாக வெட்டி, தனித்தனியே துணி சுற்றி, அருகருகே திருகிவிடுங்கள். கெட்டுப்போனால் ஒரு பட்டையோடு போகும். துணியின் கனம் பட்டைக்கு 2 மில்லிமீட்டர் கூட்டும் என்பதால், பத்துப் பட்டைக்கு 2 சென்டிமீட்டர் வெளியே தள்ளும். அந்த அளவு குறைத்து வெட்டினால்தான் கட்டிலோடு சரியாக நிற்கும்.

மாட்டுவதற்கு அந்த மிச்ச ப்ளைவுட்டை எடுங்கள். 4 அடி நீளத்தில் ஒரு பட்டை. அதை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக இரண்டாகப் பிளந்துதரச் சொல்லுங்கள். ஒரு பாதி சுவரில், சாய்வு மேல்நோக்கி, உள்பக்கம் சரிந்து. மறுபாதி பலகையின் முதுகில், தலைகீழாக. தூக்கி மாட்டினால் தன் எடையாலேயே சுவரோடு இறுகிக்கொள்ளும், பசையும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம்! சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ மட்டும் துளை போடாதீர்கள், வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

துளைக்குள் செருகும் ராவல் பிளக்குக்கும் ஒரு வரலாறு உண்டு! பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சுவரைச் சிதைக்காமல் மின்சாதனங்களைப் பொருத்த வழி தேடிய ஜான் ஜோசப் ராலிங்ஸ் 1911-ல் கண்டுபிடித்தது. முதலில் அது பிளாஸ்டிக் இல்லை. சணலை மிருக ரத்தத்தில் ஒட்டிச் செய்தார்கள்!

இப்படி மாட்டுவதில் சுவருக்கும் பலகைக்கும் நடுவே 12 மில்லிமீட்டர் இடைவெளி தானாக வரும். மழைக்காலத்தில் அதில் காற்று ஓடும், பூஞ்சை பிடிக்காது. மூட்டைப்பூச்சி சந்தேகம் வந்தால் மருந்தடிப்பவர்கள் முதலில் பார்ப்பதே ஹெட்போர்டின் பின்பக்கத்தைத்தான். உங்களுடையதோ பத்து கிலோ சொச்சம், இரண்டு பேர் தூக்கினால் கையோடு வந்துவிடும். அந்தப் பூச்சி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், ஆனால் 50 டிகிரி சூட்டைத் தாங்காது. பழைய மெத்தையின் நாரையோ துணியையோ பயன்படுத்துகிறவர்கள் மடிப்பையெல்லாம் பிரித்துப் பார்த்து, மொட்டைமாடி வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

எல்லாம் சரி, தலைக்கு எண்ணெய் வைக்கிற வீட்டில் இது எத்தனை நாள் தாங்கும் என்கிறீர்களா? 19-ம் நூற்றாண்டு லண்டன்காரர்களுக்கும் இதே கவலை! தேங்காயெண்ணெயோ பனையெண்ணெயோ கலந்த மக்காசர் தைலத்தை ஆண்கள் தலையில் அப்பிக்கொண்டு திரிந்தார்கள், நாற்காலி எல்லாம் பிசுக்கு. வீட்டுப் பெண்கள் நாற்காலி முதுகில் துவைக்கிற துணி ஒன்றைத் தொங்கவிட்டுச் சமாளித்தார்கள். விமான இருக்கையில் தலை படும் இடத்தில் இன்றும் போடுகிற வெள்ளைத் துணி அதன் வாரிசு. பன்னாவில் 20 அங்குலம் மிச்சம் இருக்கிறதல்லவா? அதில் தலை படும் உயரத்துக்கு இரண்டு உறை தைத்து, மேல் விளிம்பின் பின்னால் வெல்க்ரோ வைத்துவிடுங்கள். ஒன்று பலகையில், ஒன்று கொடியில்.